அவள் இளைத்து வந்த சனிக்கிழமை

முடிச்சூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில், சனி ஞாயிறு காலைகளில் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட வைக்க ஆரம்பித்தபோது, யாராவது விழுந்து கையை உடைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதுதான் என் பயம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விழுகிற பிள்ளைகளைத் தூக்கி நிறுத்திப் பழக்கம் உண்டு. வேறு எதற்கும் பயப்பட வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை.

மேல்மாடியில் இருந்த ஒரு பையனுக்குப் பத்து வயதிலேயே கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தது. அவன் அம்மா லிஃப்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஸ்கூல்ல பி.டி. பீரியட்ல மேத்ஸ் எடுக்கறாங்க மிஸ். வீட்டுக்கு வந்தா டியூஷன். இவன் எப்ப ஓடுவான்?" அவருக்காக ஆரம்பித்தது. பக்கத்துத் தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். கோ-கோ, ஏழாங்கல், கயிறு தாண்டுதல், கடைசியில் அம்மாக்கள் மாற்றி மாற்றிக் கொண்டுவரும் சுண்டல், கேழ்வரகு அடை, பழம். அருகிலிருந்த கிளினிக்கின் குழந்தை மருத்துவர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "எடை பார்க்காதீங்க. ஒருத்தரையும் குண்டுன்னோ ஒல்லின்னோ சொல்லாதீங்க. பழக்கம் மாறினா போதும்" என்றார். அசோசியேஷனில் யாரோ ஆர்வமாக வாங்கி வைத்திருந்த எடை மெஷினை நான் பரணில் ஏற்றினேன்.

அந்தச் சிறுமி ஆறாம் வகுப்பு. அம்மா வங்கியில் வேலை. அப்பாவுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட். முதல் நாள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். வகுப்பில் பையன்கள் அவள் நடக்கும்போது 'டம், டம்' என்று வாயால் தாளம் போடுவார்களாம். இரண்டு வாரம் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரம் ஏழாங்கல்லில் ஆள் குறைந்ததால் இழுத்து விட்டேன். பந்தை எடுத்து ஒரே வீச்சில் கற்களைச் சிதறடித்தாள். அப்படி ஒரு குறி. அன்றிலிருந்து எந்த அணியில் அவள் என்று பிள்ளைகள் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஸ்வெட்டர் எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

அரையாண்டு விடுமுறை, பொங்கல் எல்லாம் சேர்ந்து ஒரு மாதம் போல வகுப்பு இல்லை. தை மாதத்தில் மறுபடி கூடிய சனிக்கிழமை அவள் உள்ளே வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் வற்றியிருந்தது. சுடிதார் தோளிலிருந்து தொங்கியது. பின்னால் வந்த அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீங்களா மிஸ்? எல்லா டிரெஸ்ஸும் லூஸ் ஆயிருச்சு. ஆல்டர் பண்ணக் குடுத்திருக்கேன்!"

ஹாலே கைதட்டியது. ஒரு அம்மா வந்து, "என்ன டயட் குடுத்தீங்க, எனக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க" என்று கேட்டார். சிறுமி கைதட்டலுக்கு நடுவில் நின்றுகொண்டு லேசாகச் சிரித்தாள். சிரித்தபோது உதடு காய்ந்து வெடித்திருந்தது தெரிந்தது.

ஏழாங்கல்லில் பந்தை எடுத்தாள். எறிந்தாள். பந்து கற்கள் வரைக்கும் போகவில்லை. "டயர்டா இருக்கு மிஸ்" என்று போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். பெரிய பாட்டில். ஒரே மூச்சில் காலி செய்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளையின் பாட்டிலை வாங்கினாள். அதையும் குடித்தாள். பிறகு பாத்ரூம் போனாள். வந்தாள், குடித்தாள், மறுபடியும் போனாள். பனி விடாத காலை அது. ஓடிய பிள்ளைகளுக்கே சரியாக வியர்க்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவர் இப்படித்தான் குடத்தைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்கு அப்போது ஐம்பது வயது. பதினொரு வயதுப் பிள்ளையைப் பார்த்து அந்த வார்த்தையை நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவைத் தனியாக அழைத்துப் போனேன். "ராத்திரி எழுந்து போறாளா?"

"நாலஞ்சு தடவை போறா மிஸ். தண்ணி நிறைய குடிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஜூஸ், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் விட்டுட்டா. வெறும் தண்ணிதான்." பெருமையாகச் சொன்னார்.

"இன்னைக்கே ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துடலாம்மா. சுகர் பார்க்கணும்."

சிரிப்பு நின்றது. "சுகரா? குழந்தைக்கா? என்ன மிஸ், வாயில நல்ல வார்த்தையே வராதா? குண்டா இருந்தப்பவும் பேசினாங்க, இளைச்சாலும் பேசறீங்க. அவ இப்பத்தான் கண்ணாடி முன்னாடி நிக்கவே ஆரம்பிச்சிருக்கா."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தச் சிறுமி திரும்பிப் பார்த்து எனக்குக் கையாட்டினாள். கையை முழுசாகத் தூக்கக்கூட இல்லை.

மதியம் போன் செய்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். சாயந்திரம் பதில் வந்தது: திங்கட்கிழமை லீவு போட்டுக் கூட்டிப்போகிறேன், இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம். கிளினிக் மருத்துவருக்கு அழைத்தேன். அவர் ஊரில் இல்லை, போனில்தான் கேட்டார். "திங்கள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்மா. எப்படியாவது சுகர் பாத்துடுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. தப்பாக இருந்தால் ஒரு தாயைக் காரணமில்லாமல் பதற வைத்தவள் ஆவேன். சரியாக இருந்தால்? அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை அவள் வரவில்லை. விளையாட்டை மற்ற அம்மாக்களிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரரின் சர்க்கரை பார்க்கும் மெஷினைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மாவின் முகத்தில் நேற்றைய கோபம் இல்லை.

"விடியற்காலையிலிருந்து வாந்தி மிஸ். வயித்து வலிங்கறா. நேத்து சாப்பிட்ட பனீர் ஒத்துக்கலைன்னு நினைக்கறேன்."

சிறுமி சோபாவில் சுருண்டு கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது. படுத்தே இருந்தவள், மாடிப்படி ஏறி வந்தவள்போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். குனிந்தேன். அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை அந்த மூச்சில். மெஷினை எடுத்தேன். அவசரத்தில் ஊசி முதல் தடவை விரலில் சரியாகக் குத்தவில்லை. இரண்டாவது தடவை குத்தியபோது அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மெஷின் எண்ணைக் காட்டவில்லை. இரண்டு ஆங்கில எழுத்து வந்து நின்றது.

"என்ன மிஸ் இது? 'ஹாய்'னு காட்டுது?"

அது 'ஹை' என்றேன். இந்த மெஷினால் அளக்க முடியாத அளவுக்கு மேலே போய்விட்டது என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றார். "பேக் எடுங்க" என்று நான் கத்திய பிறகுதான் அசைந்தார்.

எங்கள் குழுவில் ஒரு பையனின் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனை விட்டுவிட்டு ஹால் வாசலிலேயே காத்திருப்பார். அவருக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாசலில் நின்றார்.

"இன்னா டீச்சர், பாப்பாக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டவர், அவளைப் பார்த்ததும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஏறிக் குந்துங்க. நான் இட்னு போறேன்."

ஞாயிற்றுக்கிழமைக் காலை முடிச்சூர் ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறிக்கடைக்கு முன்னால் இரண்டு வரிசையாக பைக்குகள், நடுவில் தண்ணீர் லாரி, குழி. "அண்ணே, வயி வுடு! கொயந்த கீது வண்டில!" என்று அவர் வெளியே தலையை நீட்டிக் கத்திக்கொண்டே ஓட்டினார். சிறுமியின் தலை என் மடியில் இருந்தது. தூங்க விடக் கூடாது என்று தோன்றியது. "கண்ணு, கோ-கோல உன் டீம்ல யாரு யாரு?" என்று கேட்டேன். ஒரு பெயர் சொன்னாள். இன்னொன்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். அவள் அம்மா எதிரே பார்த்தபடி உதட்டை அசைத்து ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்தார். எனக்கு எந்தச் சாமி பெயரும் நினைவுக்கு வரவில்லை. அந்தச் சத்தமான மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது.

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேறு எதுவும் கேட்காமல் அவளை உள்ளே கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவு மூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். ஆட்டோக்காரர் போகாமல் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"உங்க க்ளாஸ்னால வந்துச்சா மிஸ்?"

காலையிலிருந்து நான் கேட்டுக்கொள்ளத் துணியாத கேள்வி. அளவுக்கு மீறி அழுத்தித்தான் விட்டோமோ, ஓட வைத்ததில் ஏதாவது ஆகியிருக்குமோ.

பதிலை மருத்துவர்தான் சொன்னார். சின்ன வயதுப் பெண். உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். இது பிள்ளைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய்; உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது. குண்டாக இருந்ததால் வந்ததல்ல. விளையாடியதால் வந்ததல்ல. யாரும் எதுவும் செய்து வரவில்லை. சாப்பாடு உடம்பில் ஒட்டாததால்தான் அப்படி இளைத்திருக்கிறாள். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது. "இன்னும் லேட்டாகியிருந்தா ரொம்பக் கஷ்டம். இப்பவும் ஒரு நாள் போகணும், அப்புறம்தான் நான் ஏதாவது சொல்ல முடியும்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா ஷிஃப்ட் உடையிலேயே ஓடி வரும் வரைக்கும் விடவில்லை.

மறுநாள் மாலை அவள் கண் திறந்து, முதல் வேலையாக இட்லி கேட்டாள் என்று போன் வந்தபோது நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் பயந்துபோய் ஓடி வந்தார்.

அதன் பிறகு ஹாலைப் பூட்டியே வைத்தேன். விளையாட்டு எடுக்கும் தைரியம் போய்விட்டது. ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்ட அம்மாக்களும் உண்டு. இரண்டு பேர் இனிப் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். திறக்கச் சொன்னவர் அந்தச் சிறுமியின் அம்மாதான். "தினம் இன்சுலின் போடறோமா, வீட்ல உக்காந்து ஊசி ஊசின்னு அழறா மிஸ். ஹாலுக்குப் போகணும்ங்கறா."

கிளினிக் மருத்துவரை அழைத்து எல்லாப் பெற்றோரையும் உட்கார வைத்தோம். தாகம், அடிக்கடி ஒன்றுக்குப் போவது, காரணமில்லாமல் இளைப்பது என்று அவர் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யார் இளைத்தாலும் கைதட்டுவதில்லை என்று அன்றைக்கு முடிவானது.

இப்போதும் சனி ஞாயிறுகளில் கூடுகிறோம். ஒரு பிள்ளை பாட்டிலைத் திறந்தால் என் கண் அங்கே போய்விடுகிறது. அவள் விளையாட வருவதற்கு முன் விரலைக் குத்திப் பார்த்துக்கொள்கிறாள். என்னைவிட நன்றாகக் குத்துகிறாள். சதை திரும்பக் கொஞ்சம் போட்டிருக்கிறது. அவள் அம்மா, ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் கொடுக்க, குளுக்கோஸ் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி கோட்டோரமாகவே நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்.

போன வாரம் கோ-கோவில் அவள் ஓடினாள். வேகமாகத்தான். துரத்தி வந்த பையன் கையை நீட்ட, வளைந்து தப்பித்தவள் கால் இடறித் தரையில் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். அவள் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, போங்க" என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள்.

"பயமா இருக்கா மிஸ்?" என்று கேட்டார் அவள் அம்மா.

"இருக்கும்மா."

"எனக்கும்" என்றார். இருவரும் கோட்டோரமாகவே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.