அக்கரைத் தேர்தல்

யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவுக்குப் போகும் படகில் எனக்கு எதிரே இருந்தவர் ஒரு நிமிடம்கூட வாங்குப் பலகையில் ஒழுங்காக இருக்கவில்லை. வெயிலில் கறுத்த, ஒடிசலான மீனவர். கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். சத்தம் அறுந்துபோகும் போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தபடி நிற்பார். தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல் முடிவுகள் வந்துகொண்டிருந்தன.

“அண்ணை, உங்களுக்கு அங்க வாக்கில்லையே, ஏன் இந்தப் பதற்றம்?” என்று கேட்டேன்.

“வாக்கில்லைத்தான் தம்பி. ஆனா அங்கத்தை இழுவைப்படகுகள்தான் இஞ்ச வந்து என்ர வலையை அறுத்துக்கொண்டு போகுதுகள்.”

நடுக்கடலில் செய்தி தெளிவாகக் கேட்டது. ஏற்கெனவே ஆண்ட கூட்டணியே மறுபடியும் வென்றிருந்தது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். அவர் கைபேசியைச் சாரத்து மடிப்பில் செருகினார்.

“ஆட்சி மாறியிருந்தாலும் அந்தப் படகுகள் வரத்தானே செய்யும்?” என்றேன்.

“ஓம், வரும். ஆனா புது ஆக்களெண்டா எங்கட முறைப்பாட்டைப் புதுசாக் கேட்பினம். இவையளுக்கு அது கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு.”

அக்கரையில் அப்போது மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கடலில் ஓர் இழுவைப்படகும் இல்லை.

“அவையின்ர தடை முடியுமட்டும்தான் இந்தக் கடல் எங்களுக்கு,” என்றார்.

படகைக் கட்டுமுன்பே இறங்குதுறையில் குதித்தவர், வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே தன் வள்ளத்தை நோக்கி ஓடினார். இன்றும் எங்கே தேர்தல் முடிவு வந்தாலும், வென்றவரின் சிரிப்புக்கு முன்னால் எனக்கு அந்த ஓட்டம்தான் தெரிகிறது.