லைற் எரியுது, ஆனால் தெரியேல்லை

நாங்கள் வந்து குடியேறிய டோர்செட் பார்க்கில் யார் வீட்டுப் பழைய கலியாண வீடியோவைப் போட்டாலும், அதைப் பிடித்தவர் மரியரட்ணம் அண்ணையாகத்தான் இருப்பார். கிழமை நாட்களில் பேக்கரி வேலை, சனி ஞாயிறு கமரா. லைற் பிடிக்க வேறு ஆள் வைக்கமாட்டார். அவர் மனைவி கிளடிஸ் அக்காதான் பிடிப்பார். ஊரையே படமெடுத்த மனுசன் கட்டின பெண்சாதியை ஒருநாளும் இருத்தி எடுக்கவில்லை. சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். இப்போது அக்கா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை வருகிறது. அதற்குமுன் அக்காவின் குரலை ஒருதரம் கேட்கவேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார் அண்ணை. வெட்டாத பதிவுகளெல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. லைற் பிடித்தபடி அக்கா அவரை ஏசுவது முழுக்க அதில் இருக்கிறதாம்.

அவருடைய கம்பியூட்டருக்கு லினக்ஸ் போட்டுக்கொடுத்தவன் நான். அதனால் என்னைத்தான் பிடித்தார். டிஸ்க்கைச் செருகினேன். லைற் எரிந்தது. இணைத்திருப்பவற்றைக் காட்டும் கட்டளையை அடித்தேன். கீபோட் வந்தது, மவுஸ் வந்தது, டிஸ்க் வரவில்லை. வயரை மாற்றினேன், செருகும் துளையை மாற்றினேன். சிஸ்டம் தானே எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்தால், யாரோ வந்திருக்கிறார், யாரென்று கேட்டால் பதிலில்லை என்கிற மாதிரி ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது.

"தெரியுதோ தம்பி?"

"இல்லை அண்ணை."

"லைற் எரியுதெல்லே?"

"லைற் எரிஞ்சாப் போதுமே? கரண்ட் உள்ளை போகுது, ஆனா கதைக்குதில்லை!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

டிஸ்க்கின் வெளிக் கோதைக் கழற்றி, உள்ளே இருந்ததை வேறு அடப்டரில் மாட்டினேன். டிக் டிக் என்றது, அவ்வளவுதான். டேட்டா மீட்டுக்கொடுக்கிற ஆளும் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

"அப்ப ஆரின்ரையேன் கலியாண டிவிடியிலை அவள் இருப்பாள்," என்றார் அண்ணை.

ரூஜ் பக்கம் இருக்கும் பிரதீபாவின் கலியாணமும் அண்ணை பிடித்ததுதான்; அவள் தன்னுடைய டிவிடியைக் கொண்டுவந்து தந்தாள். போட்டோம். மாப்பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்தில் ரை கட்டுகிறார். அதே கண்ணாடியில், பின்னால், லைற்றைத் தூக்கிப் பிடித்தபடி கிளடிஸ் அக்கா! வாய் அசைகிறது. ஏசுகிறார்தான். ஆனால் கேட்பது சினிமாப் பாட்டு.

எங்கள் சனத்துக்குப் பாட்டுத்தான் வேண்டும். பேச்சுச் சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டுப் பாட்டுப் போடாவிட்டால், கலியாண வீடியோ செத்தவீடு மாதிரிக் கிடக்கு என்பார்கள்.

"நான்தான் இருந்து பாட்டுப் போட்டனான்," என்றார் அண்ணை. "இவளின்ரை சத்தம் இடைஞ்சல் எண்டு வெட்டினனான்."

ஐயோ, அந்த மனுசனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், திரும்பவும் கூட்டினார்.

"தம்பி, உந்தப் பாட்டை மட்டும் எடுக்கேலாதோ? கீழை அவள் இருப்பாளெல்லே?"

"பொறுங்கோ அண்ணை, பாப்பம்," என்று மவுஸைப் பிடித்தேன். பாட்டுக்குக் கீழே பார்க்க ஒன்றுமே இல்லை.