விசாகம் நான்காம் பாதம்

முன்னறையில், சிமென்ட் தரையில் தாம்பாளம் வைக்கும் சத்தம் கேட்டது. பழமும் பூவும் நிறைந்த தாம்பாளம். வெறும் தட்டு அப்படி அடங்கி ஒலிக்காது.

அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த உமாராணியின் கை நின்றது.

"யாருப்பா?"

அப்பா பொன்னுத்துரை தொண்டையைக் கனைத்தார். வேறு குரல் வந்தது.

"நாந்தாம்ளா. அத்தை வந்திருக்கேன்."

ஐந்து வருடத்துக்குப் பிறகு மாமியாரின் குரல். கடைசியாக அது அவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை "தேளு". உமாராணி கஞ்சிப் பானையை நிமிர்த்தி வைத்தாள். கையில் சூடு பட்டது அவளுக்குத் தெரியவில்லை.

அவளை நீங்கள் பார்த்திருக்கலாம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உப்பு லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எடைமேடை ஒன்றில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் பெண். முப்பத்தொரு வயது. வெறும் வண்டியை எடை போடும்போது டிரைவர் கீழே இறங்கி நிற்க வேண்டும். இறங்காதவனுக்கு அவள் சீட்டுத் தரமாட்டாள். கத்தமாட்டாள், திட்டமாட்டாள். அவன் இறங்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, பெரிய மீசைக்காரர்கள்கூட, "இந்தா இறங்கிட்டேன் ராணியக்கா" என்று குதிப்பார்கள்.

அவளுடைய சாதகக் குறிப்பில் ராசி விருச்சிகம் என்று எழுதியிருந்தது. நட்சத்திரம் விசாகம், நான்காம் பாதம்.

விருச்சிகம் என்றால் தேள். ராசிகளில் எட்டாவது. செவ்வாய்க்குச் சொந்த வீடு, நீர் ராசி, சந்திரன் அங்கே நீசம். அந்த ராசிக்காரர்களைப் பற்றிச் சாத்திரம் நிறையச் சொல்கிறது. எடுத்த காரியத்தைப் பாதியில் விடமாட்டார்கள். மனதில் உள்ளதை முகத்தில் காட்டமாட்டார்கள். ஒருவர் சொன்ன ரகசியத்தை இன்னொருவரிடம் கொண்டுபோக மாட்டார்கள். நம்பியவர்களுக்காக நெருப்பிலும் கை வைப்பார்கள். பட்ட காயத்தை மறக்கமாட்டார்கள் என்றும் ஒரு வரி உண்டு. நம் சனங்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கடைசி வரியையும் தேளின் கொடுக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய் முத்தெடுத்த இந்தக் கரையில், ஆழமாக இருப்பது ஒரு பெண்ணுக்குக் குற்றமாகிப் போனது.

பள்ளிக்கூடத்தில் பேனா திருடிய தோழியை அவள் காட்டிக் கொடுக்கவில்லை. "விருச்சிகம்லா, அமுக்கமாத்தான் இருப்பா" என்றார்கள். அம்மா இறந்தபோது அவள் நாலு பேர் முன்னால் அழவில்லை. "தேளுக்குக் கண்ணீர் ஏது" என்றார்கள். அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது யாருக்கும் தெரியாது.

இதைவிடப் பெரிய வம்பு அந்த நான்காம் பாதத்தில் இருந்தது. விசாகத்தின் முதல் மூன்று பாதங்கள் துலாம் ராசியைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் குறை சொல்வதில்லை. நான்காவது மட்டும் விருச்சிகத்தில் விழுகிறது. அந்தப் பாதத்துப் பெண் புருசனின் தம்பிக்கு ஆகமாட்டாள் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. தம்பி இல்லாத மாப்பிள்ளையாகத் தேடித்தான் அப்படிப்பட்ட பெண்ணைக் கொடுப்பார்கள்.

சாத்தான்குளத்து மிளகாய் வத்தல் மண்டிக்காரி முத்துக்கனியின் மூத்த மகன் சிவபாலன், எடைமேடையில் இவளைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அவனுக்கு ஒரு தம்பி இருந்தான், செந்தில்வேல். விசாகம் முருகனுக்கு உகந்த நட்சத்திரம் என்பதால் திருச்செந்தூரில் ஒரு பரிகாரம் செய்து, முத்துக்கனி அரை மனதோடு சம்மதித்தாள்.

அந்த வீட்டில் உமாராணியைச் சிரிக்க வைத்தவன் செந்தில்வேல் ஒருவன்தான். இருபத்து மூன்று வயது. லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்தும்போதே சத்தம் கொடுப்பான். "வாலைச் சுருட்டி வச்சிட்டுச் சோத்தைப் போடுங்க மதினி. பசி உயிர் போகுது."

"கையைக் கழுவிட்டு வாங்க. இல்லன்னா வாலு வெளிய வந்துரும்" என்பாள் இவள்.

கல்யாணமாகிப் பதினோராவது மாதம், ஒருநாள் காலையில் அவனுக்குக் காய்ச்சல். விளாத்திகுளத்தில் வத்தல் மூடை ஏற்றப் போக வேண்டிய நாள் அது. கண் சிவந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னைக்கு வண்டி எடுக்க வேண்டாம் தம்பி. மாத்திரை வேற போட்டிருக்கிய. ஓட்டும்போது தூங்கிருவிய" என்றாள் உமாராணி.

"ஒரு காய்ச்சலுக்கு ஆம்பளை முடங்கிப் படுத்தா மண்டி நடக்குமா? போலே, போயிட்டு வா" என்றாள் முத்துக்கனி.

அவன் போனான். மூடைகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், வேப்பலோடைப் பக்கம் ஒரு பாலக்கட்டையில் வண்டி மோதியது. சாலையெல்லாம் வத்தல் சிதறிக் கிடந்ததாம். சிவப்பில் எது ரத்தம் எது வத்தல் என்று தெரியவில்லையாம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆத்திரமில்லாமல் என்னால் எழுத முடியவில்லை. தூங்கிவிடுவாய், போகாதே என்று தடுத்தாளே ஒருத்தி, அந்த வார்த்தையையே எடுத்து அவள் மேல் எறிந்தார்கள். "அவ வாயால தூங்கிருவன்னு சொன்னா, அப்படியே ஆச்சு. தேளு நாக்கு. நாலாம் பாதம் சும்மா விடுமா?" பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவளை ஒரு பெட்டியுடன் வண்டியில் ஏற்றினார்கள். சிவபாலன் மண்டியின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி தெருமுனை திரும்பும்வரை அங்கிருந்து நகரவில்லை. அவன் என்ன ராசி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்த மறுநாளே அவள் எடைமேடைக்குப் போய் உட்கார்ந்தாள். ஐந்து வருடம். கொழுந்தனைத் தின்றவள் என்று தெருக்குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். ஒரு வளைகாப்புக்கும் அவளை அழைத்ததில்லை.

போன வாரம் பொன்னுத்துரை பழைய தகரப் பெட்டியைக் குடைந்தார். ரேஷன் கார்டுத் திருத்தத்துக்கு ஏதோ தாள் தேவைப்பட்டது. அடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கிடைத்தது. உமாராணி பிறந்த நேரம் காலை ஒன்பது இருபத்தைந்து என்று அதில் இருந்தது. சாதகத்தில் இருந்ததோ பதினொன்று ஐம்பத்தைந்து. சரியாக இரண்டரை மணி நேர வித்தியாசம். பெரியவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் துறைமுகத்தில், கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். மகள் பிறந்த அன்று, சிங்கப்பூரிலிருந்து மரத்தடிகளை ஏற்றி வந்து விடியலில் துறையில் கட்டிய கப்பலில் வேலை. ஐப்பசி மழை இருட்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. "பொன்னுத்துரை, பொம்பளப் பிள்ளை, இப்பதான்" என்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை வைத்த கையோடு கீழே தளத்துக்கு ஓடிவந்து ஒருவன் கத்தினான். இவர் சந்தோசத்தில் ஓடிப்போய்க் கப்பல்காரர்கள் சாப்பிடும் அறையில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, பீடிக் கட்டுத் தாளில் நேரத்தை எழுதிக்கொண்டார். அந்தக் கடிகாரம் இன்னும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரத்துக்கு அதை யாரும் திருப்பவில்லை. அந்தத் தாளைப் பார்த்துத்தான் சோசியர் கட்டம் போட்டார். அந்த இரண்டரை மணி நேரத்தில் சந்திரன் துலாமைத் தாண்டி விருச்சிகத்துக்குள் கால் வைத்துவிட்டான்.

பொன்னுத்துரை மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் சாத்தான்குளம் போய், அந்தச் சீட்டை முத்துக்கனியின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பலன்தான் இன்று முன்னறையில் வந்து உட்கார்ந்திருந்தது.

உமாராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள். முத்துக்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். தாம்பாளத்தில் பழம், மல்லிகைப் பூ, ஒரு பட்டுச்சேலை. சேலைக்கு மேலே, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய புதுத் தாள்.

"குறிப்பைத் திருத்தி எழுதி வாங்கியாச்சுளா. நீ விருச்சிகமே இல்லையாம். துலாமாம். விசாகம் மூணாம் பாதம், சுக்கிரன் வீடு. குணத்துல தங்கம், நியாயம் தவறாதுன்னு சோசியர் சொல்லுதாரு. நானும் அப்பவே நினைச்சேன், தராசு பாக்குத வேலைக்குப் போயி எப்படி ஒரு தேளு வந்து உக்காந்துச்சுன்னு."

"அஞ்சு வருசமா அதே வேலைதான் பாக்கேன் அத்தை."

"அதைத்தாம்ளா நானும் சொல்லுதேன்."

"ஏ பிள்ள, எல்லாம் என் தப்பு" என்றார் பொன்னுத்துரை. "அந்தப் பாழாப்போன கடிகாரத்தைப் பாத்தேன். கப்பல்ல முப்பது வருசம் வேலை பாத்தவனுக்கு அது தெரியாம போச்சு."

"உங்க தப்பு ரெண்டரை மணி நேரம்தான்ப்பா. விடுங்க."

முத்துக்கனி சிரிக்கப் பார்த்தாள். "கிளம்பு. சிவபாலன் வெளிய கார்ல இருக்கான். உள்ள வரக் கூச்சப்படுதான்."

"அவுக அன்னைக்கும் வெளியதான் நின்னாக."

மின்விசிறி கடகடத்தது. உமாராணி கீழே உட்கார்ந்து, தாம்பாளத்திலிருந்த தாளை எடுத்து விரித்துப் பார்த்தாள். பன்னிரண்டு கட்டம். அவள் முப்பத்தொரு வருட வாழ்க்கை ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்திருந்தது.

"அத்தை, ஒண்ணு கேக்கேன். நான் நிசமாவே நாலாம் பாதம்னு வைங்க. அப்ப செந்திலை நாந்தான் கொன்னேனா?"

"அதான் இல்லன்னு ஆயிட்டே."

"ஆகலன்னு வைங்க."

முத்துக்கனி பூச்சரத்தைச் சரி செய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் சரி செய்தாள்.

"காய்ச்சலோட போக வேண்டாம்னு அன்னைக்கு நான் சொன்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னிய." உமாராணியின் குரல் உயரவில்லை. எடைமேடையில் டிரைவர் இறங்கக் காத்திருக்கும் அதே பார்வை. "வேற ஒண்ணும் வேண்டாம். 'ஆமா உமா, நீ தடுத்த, நான்தான் கேக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தத் தாம்பாளத்தை நானே தூக்கிக்கிட்டு உங்க பின்னால வாரேன். எந்தக் குறிப்பும் எனக்கு வேண்டாம்."

முத்துக்கனியின் உதடு துடித்தது. சொல்லிவிடுவாள் என்று பொன்னுத்துரை நம்பினார். தன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பெற்ற வயிறு அவளுடையது, அந்த வயிறு எரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேளுங்கள், அவள் வாயிலிருந்து என்ன வந்தது என்று.

"அவன் சாதகத்துலயே கண்டம் இருந்துச்சாம்ளா. சோசியர் இப்பதான் எடுத்துப் பாத்துச் சொன்னாரு. யாரு தடுத்தாலும் நிக்காதாம்."

செத்துப்போன பிள்ளையின் சாதகத்தையும் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள். மருமகளின் கட்டம் காலியானதும், பழியை மகனின் கட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். "போலே, போயிட்டு வா" என்று சொன்ன வாயில் மட்டும் அது உட்காரக் கூடாது.

உமாராணி தாளை மடித்துச் சேலைமேல் வைத்தாள். தாம்பாளத்தைத் தூக்கி முத்துக்கனியின் மடியில் வைத்தாள்.

"என்னளா இது?"

"துலாம்னு இன்னைக்குக் கூட்டிட்டுப் போவிய. நாளைக்கு மண்டியில ஒரு மூடை வத்தல் பூசணம் பூத்துப் போனா இன்னொரு சோசியரைப் பாப்பிய. அவரு எந்தக் கடிகாரத்தைப் பாப்பாரோ. நான் வரல அத்தை."

"உமா" என்றார் அப்பா.

"வரலப்பா."

முத்துக்கனி எழுந்தாள். முகத்தில் இருந்த குழைவு போய்விட்டது. ஐந்து வருடத்துக்கு முந்தைய முகம் திரும்பி வந்தது.

"எவ்வளவு நெஞ்சழுத்தம் உனக்கு. கட்டத்தை மாத்தி எழுதி என்ன செய்ய? நீ தேளுதாம்ளா."

"துலாமா அரைமணி நேரம் இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முத்துக்கனி வாசலுக்கு நடந்தாள். தெருவில் நின்ற காரின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அதற்குள் தெரிந்த முகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பாத்து இறங்குங்க அத்தை. ரெண்டாவது படி உடைஞ்சு கிடக்கு" என்றாள் உமாராணி.

முத்துக்கனி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. சுவரை ஒரு கையால் பிடித்து, குனிந்து பார்த்து, இரண்டாவது படியை விட்டு மூன்றாவது படியில் காலை வைத்து இறங்கினாள்.

உமாராணி கதவைச் சாத்தினாள்.