ரேடியேட்டரில் ஊற்றிய பதநீர்

தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தும் துறைமுகத்தையும் உப்பளத்தையும் தாண்டி நான் எதையும் பார்த்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டேன். உலக யுத்தம் முடிந்த மறு கோடையில் அவர் ஓட்டிக்கொண்டிருந்த காரின் முதலாளி கொழும்புக்குப் போனார். ஒரு நாள் அந்தக் காரில் எங்களைக் கூட்டிப்போக உத்தரவு கிடைத்தது.

காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று கடலை ஒட்டியே போனோம். மணப்பாட்டில் அலையோடு குதித்த எங்கள் நாலு வயசு மகள் சாப்பாட்டை வேண்டாம் என்று சுருண்டுகொண்டாள். தொட்டால் நெருப்பு. ஏரலில் வைத்தியரிடம் காட்டிவிடலாம், தேரிக்குள் விட்டால் குறுக்கு வழி என்றார் இவர். நல்ல குறுக்கு வழி! தேரி என்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல், நடுநடுவே பனை. சக்கரம் புதையாமலிருக்க வண்டித்தடத்தில் பரப்பியிருந்த பனையோலையைக் காற்று பாதி வாரிக்கொண்டு போயிருந்தது. கார் உறுமி உறுமி, கடைசியில் ரேடியேட்டர் கொதித்து நின்றது.

மிச்சமிருந்தது ஒரு கூஜா தண்ணீர்.

"ஏளா, அதக் குடு. ஊத்துனா ஏரல் போயிரலாம்."

"பிள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்கு. தர மாட்டேன்."

"வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா வேலைக்கு வராதன்னு மொதலாளி சொல்லியிருக்காருளா!"

அந்தச் சங்கதியே எனக்கு அப்போதுதான் தெரியும். பற்றிக்கொண்டு வந்தது. கூஜாவை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

பக்கத்துப் பனை விளையில் ஒரு பெண் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓடினார். "தண்ணிக்கு ஊருக்குள்ளதான் போவணும் அண்ணாச்சி. பதனிதான் இருக்கு" என்றாள். அது போதும் இவருக்கு. ஒரு பானை வாங்கிவந்து அப்படியே ரேடியேட்டரில் கவிழ்த்தார்.

கார் கிளம்பி ஒரு கூப்பிடு தூரம் போனது. பிறகு கருப்பட்டிப் பாகு மணந்தது. எஞ்சின் அடங்கிப்போனது. அந்தப் பெண் ஓடிவந்தாள். "ஐயோ அண்ணாச்சி, காருக்குள்ள கருப்பட்டி காய்ச்சிட்டியளே!" என்று சிரித்தவள், என் மடியைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் முனகவும் இல்லை. வாயில் விட்ட தண்ணீர் கடைவாயில் வழிந்தது.

"வா தாயி, எங்க ஊருல வைத்தியர் இருக்காவ" என்று அவள் முன்னால் நடந்தாள்.

"நீங்க வாரியளா, காருக்குக் காவல் இருக்கப் போறியளா?" என்று கேட்டேன். அவர் கார்க் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். மணல் காலைச் சுட்டது. இந்த மனுசனைக் கட்டி என்னத்தைக் கண்டேன் என்று அழுகை முட்டியது.

பின்னால் மூச்சிரைத்தது. ஓடிவந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கார்?" என்றேன்.

"சவம் கெடக்கட்டும்!"

எங்கள் பக்கத்தில் நாள் முழுக்க வாயில் புழங்குகிற வசவுதான் அது. மாடு முரண்டினால் சவம், அடுப்பு எரியாவிட்டால் சவம். அதற்காக, துவண்டு கிடக்கிற பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு சொல்லுகிற சொல்லா? பளாரென்று அவர் வாயிலேயே ஒன்று போட்டேன். கட்டின புருசனை, வேற்றுப் பெண் பார்க்க.

அவர் தோளில் தலை அசைந்தது.

"ஏம்மா அப்பாவ அடிக்க?"

இவர் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "இன்னொண்ணு போடுளா" என்றார், "இன்னும் பேசுதாளான்னு பாப்போம்."