அவள் சொல்லவே இல்லை

நான் பேசுவது தமிழ், சண்டை போடுவதும் தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்தது மட்டும் கன்னடமும் இங்கிலீஷும். பெங்களூர் நீலசந்திராவில் பிறந்த பாதிப் பேர் கதை இதுதான். தமிழ் எழுத்தை நானாகவே கற்றுக்கொண்டேன், கல்யாணத்துக்கு அப்புறம், பொம்மசந்திரா போகும் கம்பெனி பஸ்ஸில். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என் வீட்டுக்காரர் வேலூர்ப் பக்கம், மளமளவென்று படிப்பார். அந்தத் திமிரும் உண்டு.

சர்ச் ஹாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒரு பழைய நாவலில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வாய்விட்டுப் படித்து, புரிந்ததைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்வார்கள். என் முறை வரும்போதெல்லாம் எனக்குப் பதிலாக என் வீட்டுக்காரர்தான் படிப்பார். இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று இருந்தேன்.

"கஷ்டமான பக்கம்மா அது. நானே படிச்சிடறேனே" என்றார்.

"ஸ்வல்ப, கொஞ்சம் சும்மா இருங்க. தப்பாப் படிச்சா என் மானம்தானே போவுது?"

நாவலில் வரும் கணவன் மனைவியை விட்டு வெளியூருக்கு வேலை தேடிப் புறப்படும் பக்கம் அது. எங்களிடம் இருந்தது என் வீட்டுக்காரர் காலேஜில் படித்த பிரதி. ஓரத்தில் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருந்தார்: 'எவ்வளவு அன்பாக வழியனுப்புகிறாள்!' பஸ்ஸில் அதே பக்கத்தை வாரம் முழுக்கப் படித்தேன். என் வேகத்துக்கு ஒரு எழுத்துகூடத் தப்ப முடியாது.

ஹாலில் படிக்கும்போது இரண்டு இடத்தில் தடுக்கியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது, ஆனாலும் முடித்தேன். கூட்டத்தை நடத்தும் டீச்சர், "சரி, உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டார்.

"அவ 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லவே இல்ல, டீச்சர்."

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். "சொல்றாளேம்மா! அந்த இடத்துலதானே எனக்குத் தொண்டையே அடைக்கும்!"

"எங்க? காட்டுங்க பார்க்கலாம்."

எல்லோரும் குனிந்து தேடினார்கள். சோறு கட்டிக் கொடுக்கிறாள், தண்ணீர் கொடுக்கிறாள், குடை எடுத்தாயிற்றா என்று கேட்கிறாள். அவன் "போயிட்டு வரேன்" என்கிறான். அவள் கதவைச் சாத்துகிறாள், அவ்வளவுதான். இவர் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார், மறுபடியும் மேலே போனார்.

"நம்ம வீட்ல யார் கிளம்பினாலும் சொல்லிடறோம் இல்ல? அதான் அவளும் சொன்ன மாதிரி நாமளே நினைச்சுக்கிட்டோம். அவன் திரும்பி வரணும்னு அவளுக்கு ஆசையே இல்ல டீச்சர்" என்றேன்.

டீச்சர் பென்சிலை எடுத்து, தன் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி ஒரு பெருமை!

வீட்டுக்கு வந்ததும் இவர் ரப்பரைத் தேடினார். "அழிக்காதீங்க, இருக்கட்டும்" என்று புத்தகத்தை வாங்கி, அவர் எழுதியதற்குக் கீழே எழுதினேன்: 'அவள் சொல்லவே இல்லை.' கோணல்மாணலான எழுத்து. ஒரு புத்தகத்தில் நான் தமிழில் எழுதிய முதல் வரி.

போன வாரம் மாடி வீட்டுக்காரர் அந்தப் புத்தகத்தை இரவல் கேட்டு வந்தார். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு எழுத்து, குழந்தை கிறுக்கின மாதிரி?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"எங்க வீட்டம்மா எழுதினது சார். முதல்ல அதைப் படிங்க. மேல இருக்கிறது நான் தெரியாம எழுதினது."