இரட்டைப்படைப் பக்கம்

அன்று காலை ஆறு முப்பத்திரண்டுக்கு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண் 8214. அனுப்ப வேண்டிய எண் 8241. என் நோயின் முதல் அறிகுறி இதுதான். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, வாய் கோணவில்லை. இரண்டு இலக்கங்கள் இடம் மாறின, அவ்வளவே.

என்னைப் போல எழுபதைத் தாண்டியவர்களும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் இதைப் படித்தால் நல்லது. பக்கவாதம் என்றால் கைகால் விழுவது என்றே நானும் நினைத்திருந்தேன். அது ஒரு தப்பான எண்ணாகவும் வரும்.

அந்த எண்ணின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் நானும் என் மனைவி கோமதியும் மும்பையிலிருந்து கொச்சி வரை கப்பலில் போய்த் திரும்பினோம். ஐந்து இரவுகள். மாட்டுங்காவில் மூத்தவர்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஒருவர் இருபத்திமூன்று தமிழர்களைச் சேர்த்திருந்தார். இருபத்திமூன்று பேருக்குப் பதின்மூன்று அறைகள், எல்லாம் எட்டாம் தளத்தில். கப்பல்காரர்கள் தளம் என்றார்கள். நாங்கள் மாடி என்றோம்.

அந்தக் கப்பலில் ஒற்றைப்படை எண் அறைகள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் அறைகள் மறுபக்கம். எங்கள் அறை 8241. தெற்கே போகும்போது எங்கள் ஜன்னலில் வெறும் கடல். இரட்டைப்படைக்காரர்களுக்குக் கரையும் சூரியோதயமும். இதைப் பற்றி நான் மூன்று நாள் குறைப்பட்டுக்கொண்டேன் என்று கோமதி சொல்வாள். இரண்டு நாள்தான்.

நான் ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. கப்பலில் ஏறியதும் அறையிலிருந்த உயிர்காக்கும் அங்கிகளை எண்ணினேன். பிறகு ஒரு பக்கத்து உயிர்காக்கும் படகுகளை எண்ணிவிட்டு, மறுபக்கமும் அதே கணக்குத்தானா என்று நடந்து போய்ப் பார்த்தேன். மாட்டுங்கா வெங்கிட்டு, எங்கள் கூட்டத்தின் கேலிக்காரர், கப்பல் மூழ்குவதற்கு என்னைத் தவிர யாரும் தயாராக இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார்.

இரண்டாம் நாள் காலை அதே வெங்கிட்டு ஒன்பது மணிவரை தூங்கிவிட்டார். மனைவி கோவிலுக்குப் போவதுபோல் மேல்தளத்துக்கு நடக்கப் போய்விட்டாள். கதவைத் தட்டினால் பதில் இல்லை. அவரைக் காணோம் என்று மீதி இருபத்தொரு பேரும் கப்பலெங்கும் தேடினோம். அன்றிலிருந்து ஒரு விதி. காலை ஏழு மணிக்குள் ஒவ்வொரு அறையிலிருந்தும் அறை எண்ணும் ‘உள்ளேன்’ என்ற சொல்லும் குழுவில் வர வேண்டும்.

கரையில் இறங்கிய பிறகும் அது நிற்கவில்லை. ‘எட்டாம் மாடி’ என்ற அந்தக் குழுவில் பூப்படமும் வணக்கப் படமும் தடை. காலையில் எண் மட்டும். அதன் பிறகு நாள் முழுக்க எதையும் பேசலாம். காட்கோபரில் எந்தக் கடையில் நேந்திரங்காய் வறுவல் புதிதாகக் கிடைக்கும், யாருடைய முட்டிக்கு எந்தத் தைலம், யார் வீட்டு அடை ஓரம் முறுகலாக வந்தது. மாலை நான்கு மணிக்கு வீடியோவில் ஹௌசி. வெங்கிட்டு பையிலிருந்து எண்களை எடுத்து இந்தியில் கூவுவார், நாங்கள் அட்டையில் அடித்துக்கொண்டே வருவோம். எங்களில் பாதிப் பேருக்கு மற்றவர் பெயர் சட்டென்று வராது. அறை எண் வரும்.

அன்று என் 8214ஐப் பார்த்ததும் வெங்கிட்டு அதைப் புது விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார். 8231க்குப் பதில் 8312 என்று போட்டார். இன்னும் ஐந்து பேர் தங்கள் எண்களைக் கலைத்துப் போட்டுச் சிரிப்புக் குறிகள் அனுப்பினார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

தனசீலி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தாராவியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தனியாகப் பயணம் வந்தவர். எழுபத்திரண்டு வயதுவரை என்னை யாரும் அழைக்காத விதத்தில் அழைத்தவரும் அவர்தான். ஆறு ஐம்பதுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, மறுபக்கம் போயிட்டியளே. ஒத்தப்படை ஆளு ரெட்டப்படைக்குப் போவியளா?”

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று தெரியாது. அவர் குரல் மாறியது.

“உங்க வீட்டு நம்பரச் சொல்லுங்க.”

நாற்பத்தோரு வருடமாகச் செம்பூரில் அதே வீடு. வாயைத் திறந்தேன். “எட்டு” என்றேன். மறுபடியும் “எட்டு”. எங்கள் வீட்டு எண்ணில் எட்டே கிடையாது.

போனை மதினியிடம் கொடுங்கள் என்றார். கோமதி காபி டம்ளரோடு வந்து வாங்கிக்கொண்டாள். டீச்சர் சொன்னதை அவள் பிறகு பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

“மதினி, காப்பியக் கீழ வைங்க. இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் பேச்சு தடுமாறிச்சு. கொஞ்சம் படுத்தா சரியாயிரும்னு மத்தியானம் வரைக்கும் வச்சிட்டிருந்தேன்.”

கோமதி டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் தனியாகப் பயணம் வருபவர் என்பது கோமதிக்குத் தெரியும்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபோது என் செருப்புகள் கால் மாறியிருந்ததைப் பார்த்தேன். எது எந்தக் கால் என்று தீர்மானிக்க முடியவில்லை.

மருத்துவர் ஒரு மராத்திப் பெண்மணி. நான் கடைசியாகச் சரியாக இருந்தது எப்போது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஆறு பத்துக்கு மாத்திரைகளை உரக்க எண்ணி விழுங்கியதாகக் கோமதி சொன்னாள். பிறகு கைபேசியைக் காட்டினாள். நேரத்தோடு பதிந்த தப்பான எண். நோய் தொடங்கிய நேரத்தை இவ்வளவு துல்லியமாகக் கொண்டுவந்த நோயாளியைப் பார்த்ததில்லை என்று மருத்துவர் இந்தியில் சொன்னாராம். எனக்குப் பெருமைப்படத் தெரியாத நேரம் அது.

சி.டி. ஸ்கேன் (மூளையை அடுக்கடுக்காகப் படமெடுப்பது) முடிந்து, கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மூளைக்குப் போகும் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து இது. முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். எட்டு மணிக்குள் எனக்குப் போட்டாகிவிட்டது. பிறகு ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டப் பதிவு) பார்த்துக் காரணம் கண்டார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது). அப்படித் துடிக்கும்போது உள்ளே இரத்தம் தேங்கி உறையலாம், உறைந்த துணுக்கு மேலே போகலாம். படகுகளையெல்லாம் எண்ணியவன், என் நாடியை ஒருநாளும் எண்ணியதில்லை.

பேச்சு இரண்டு நாளில் திரும்பியது. கைகால்களில் குறை இல்லை. ஆனால் எண்கள் போய்விட்டன. அகால்குலியா (எண்களைப் புரிந்துகொள்ளும் திறன் குலைவது) என்று அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். நான் விரல் கணுக்களில் எண்ணுகிறவன். கட்டைவிரல் கணுவைத் தேடிப் போகும், எந்த விரலில் நிற்கிறது என்று தெரியாது. சுவர்க் கடிகாரம் ஒரு வட்டமாக இருந்தது. அவ்வளவுதான்.

மருத்துவர் என்னை இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். இந்தியில். ஒன்றுகூட வரவில்லை. கோமதி குறுக்கிட்டாள். “தமிழ்ல கேட்டுப் பாக்கட்டுமா? இவர் நாலாம் கிளாஸ் வரைக்கும் தமிழ்ல படிச்சவர்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, மருத்துவரிடம் அதையே இந்தியில் சொன்னாள். தமிழில் இருபது வந்தது. பத்தொன்பது வந்தது. பதினேழு வந்தது. பதினெட்டை விட்டுவிட்டேன் என்று கோமதி அழுதாள். எனக்கு அது தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் அதைப் பிடித்துக்கொண்டார். முதலில் கற்ற மொழியில் போங்கள் என்றார். இந்தியில் எண்பத்தாறைச் சொல்லும்போது ஆறு முதலில் வரும், எண்பது பின்னால் வரும். தமிழில் எழுதும் வரிசையிலேயே சொல்கிறோம். கடையிலும் ரயிலிலும் அறுபது வருடம் இந்தியில் எண்ணியவனுக்கு இது அதுவரை தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாம் வாரம் வெங்கிட்டு வந்தார். கையில் ஹௌசிப் பை. அவர் அன்று என் எண்ணைக் கேலி செய்ததைப் பற்றிப் பேசவேயில்லை. பையை என் மடியில் வைத்தார்.

“இனிமே நீர்தான் கூப்பிடணும் ஓய். தமிழ்ல. எனக்குத் தொண்டை போயிடுத்து.”

அவர் தொண்டைக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் நான்கு மணிக்குத் தொடங்கினோம். பையிலிருந்து எண் வில்லையை எடுத்துக் கேமராவில் காட்டிவிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். அறுபத்தெட்டைக் காட்டி எண்பத்தாறு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து உண்மையான எண்பத்தாறு வந்தது.

“எண்பத்தாறு மறுபடியுமா?” என்றார் வெங்கிட்டு. “பைக்குள்ள குட்டி போடறதா ஓய்?”

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. தமிழ் எண்கள் மற்றவர்களுக்கும் வரவில்லை. எழுபத்தொன்பது என்றால் பாதிப் பேர் எண்பத்தொன்பதை அடித்தார்கள். தொண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் ஒருவர் சண்டை போட்டார். வாழ்நாளெல்லாம் பம்பாயில் இந்தியில் எண்ணியவர்கள். முதல் நாள் நான்கு பேர் ஒரே நேரத்தில் முழு அட்டையும் முடிந்ததாகச் சொன்னார்கள், நான்கும் தப்பு. அதுவரை நான் ஒருவன் நோயாளி. அன்று பதின்மூன்று அறைகளும் ஒரே வார்டு ஆகின. கோமதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தனசீலி டீச்சர் மட்டும் கண்டிப்பு. “வேகம் வேண்டாம் அண்ணாச்சி. வில்லையப் பாருங்க, பொறவு வாயத் தொறங்க” என்பார். பள்ளிக்கூடத்தில் அவரிடம் படித்தவர்கள் பாவம் என்று முதலில் நினைத்தேன். மூன்றாம் மாதத்தில், கொடுத்து வைத்தவர்கள் என்று மாற்றிக்கொண்டேன்.

இதே நோய் கண்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திரும்பி வருவது படிப்படியாக வருவதில்லை. ஒரு வாரம் எல்லாம் சரியாக இருக்கும், திங்கட்கிழமை கடிகாரம் மறுபடி வட்டமாகிவிடும். அந்தத் திங்கட்கிழமைகளில் யாராவது நான்கு மணிக்குக் காத்திருப்பது உதவுகிறது.

ஏழு மாதம் கழித்து அதே கப்பலில் மறுபடி போவதாக நாங்கள் முன்பே பதிவு செய்திருந்தோம். வாஷியில் இருக்கும் எங்கள் மகள் ரேவதி வேண்டாம் என்றாள். அவளிடம் நான் சண்டை போட்டாலும் உள்ளூர எனக்கும் பயம். இதயத்தைப் பற்றி அல்ல. அதற்கு இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை காலையும் மாலையும் போகிறது, மருத்துவரும் கடிதம் கொடுத்து அனுமதித்துவிட்டார். என் பயம் கதவுகளைப் பற்றியது. கப்பலின் தாழ்வாரத்தில் கதவுகள் எல்லாம் ஒரே மாதிரி. எண் மட்டும்தான் வேறு. எண்ணை நம்ப முடியாதவன் அங்கே யார் கதவைத் தட்டுவான்?

ஆனாலும் போனோம். இருபத்திரண்டு பேர். முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் மட்டும் வரவில்லை. பழைய அறை எண்ணைப் போட்டு, ‘கரையில் உள்ளேன்’ என்று செய்தி அனுப்பினார். எங்களுக்கு இந்த முறை கிடைத்த அறை 8130.

முதல் நாள் மாலை எல்லோரும் மேல்தளத்தில் தயிர்சாதமும் கோமதி கொண்டுவந்த மாவடுவுமாக உட்கார்ந்திருந்தோம். மாத்திரை நேரம். அறையில் இருக்கிறது, நானே போய் எடுத்து வருகிறேன் என்றேன். கோமதி எழுந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“போகட்டும் மதினி.”

தாழ்வாரம் நீளமாக, ஆளில்லாமல் இருந்தது. ஒரு கதவின் முன் நின்றேன். எட்டு, ஒன்று, மூன்று, பூஜ்யம் எல்லாம் இருந்தன. கதவைத் திறக்கும் அட்டையைச் செருகப் போனேன். பிறகு டீச்சர் சொல்வதுபோல் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். இரண்டிரண்டாகப் பிரித்து, ஹௌசியில் கூப்பிடுவதுபோல் மெதுவாகச் சொன்னேன். எண்பத்துமூன்று. பத்து. அது எங்கள் கதவு இல்லை. வந்த வழியே நடந்தேன். ஒவ்வொரு கதவிலும் நின்று சொன்னேன். எண்பத்தொன்று, முப்பது என்று வந்த இடத்தில் அட்டையைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.

திரும்பி வர எவ்வளவு நேரமாயிற்று என்று நான் பார்க்கவில்லை. தயிர்சாதம் ஆறவில்லை என்று வெங்கிட்டு சொன்னார். அது எப்போதும் ஆறித்தான் இருக்கும் என்றேன்.

முன்பெல்லாம் எண்கள் என் வழியாக ரயில் போவதுபோல் ஓடிவிடும். நான் நடைமேடையில் நின்று பார்ப்பேன். இப்போது ஒவ்வொரு எண்ணும் நின்று போகிறது. நாடியையும் காலையில் எண்ணுகிறேன். அது சீராக இல்லை, சில துடிப்புகள் முந்தி வருகின்றன, சில காக்க வைக்கின்றன. ஒரு நிமிடம் என்பது முன்பு இருந்த அளவில் இல்லை. கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. எழுபத்துநான்கு வயதில் இது நஷ்டம் இல்லை.

மறுநாள் காலை கோமதி விழிக்குமுன் ஜன்னல் திரையை விலக்கினேன். கரை ஒரு கோடாகத் தெரிந்தது, அதன் மேல் சூரியன். கைபேசியை எடுத்து நான்கு இலக்கங்களையும் தட்டி, இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன். 8130 உள்ளேன்.

கப்பலின் வைஃபையில் பதில் வரச் சற்று நேரமாயிற்று. டீச்சர்தான்.

“அண்ணாச்சி, மறுபக்கம் போயிட்டியளே.”

சூரியன் கரைக்கோட்டை விட்டு முழுதாக மேலே வரும்வரை யோசித்து எழுதினேன்.

“போயிட்டு வந்துட்டேன், டீச்சர்.”