எதுவும் தடவாத தட்டு

மருத்துவமனை லேபில் அவளுக்குத் தட்டக்கா என்றுதான் பெயர். பதினேழு வருடமாக அங்கே கிருமி வளர்க்கிற தட்டெல்லாம் அவள் ஊற்றியவை. அகார் என்கிற கடற்பாசிக் கூழைக் காய்ச்சி, குடுவையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பதமாக ஆறிய பிறகே ஆட்டு ரத்தத்தைக் கலப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவசரப்பட்டுச் சூட்டிலேயே கலந்து, தட்டு அத்தனையும் பாழாயின. சூடு கண்ட பூனை அல்லவா! அன்றிலிருந்து ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு தட்டை மட்டும் எதுவும் தடவாமல் மற்றவற்றோடு சேர்த்து வைப்பாள்.

"வெட்டியா ஒரு தட்டு எதுக்குக்கா?" என்று கேலி பேசாத ஆளில்லை.

"சும்மா இருக்கறதுதான் அதோட வேலை" என்பாள்.

ஒரு நாள் காலை, ஒரு தச்சரின் சீழ் தடவிய தட்டு கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. காலில் உளி கிழித்த காயம்; வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது. தட்டில் பாதி ரத்தம் கரைந்து, கண்ணாடியாகத் தெளிந்திருந்தது.

"தட்டே கெட்டுப் போயிருக்குக்கா. வேற ஒண்ணுல போடுங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்றார் புதிதாக வந்திருந்த டாக்டர்.

நாளைக்குள் கால் போய்விடும். வெளியே பெஞ்சில் தச்சரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தட்டக்காவுக்குச் சுருக்கென்றது. என் தட்டா கெட்டது?

தடவாத தட்டைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பு வரை சிவப்பு.

"அதே குடுவை, அதே ரத்தம் டாக்டர். இது வெளுத்திருக்கா? அந்தக் கிருமி கக்குற நஞ்சு ரத்தச் செல்லோட தோல்ல வட்டமா கூடி நின்னு ஓட்டை போடுது. தண்ணி புகுந்து செல் ஊதி வெடிக்குது. இங்க நடக்கறதுதான் அவர் கால்லயும் நடக்குது."

டாக்டர் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வார்டுக்கு போன் போட்டார். அரை மணியில் அறுவை சிகிச்சை. அழுகிய சதையை அகற்றினார்கள். கிருமியைக் கொல்லும் மருந்தோடு, நஞ்சு சுரப்பதையே நிறுத்தும் மருந்தும் ஏறியது.

இரண்டு மாதம் கழித்து, மூன்றாவது மாடியிலிருந்த லேப் வாசலில் ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். "தட்டக்கா யாருங்க?"

பெருமையில் அவள் வாயில் வந்தது இதுதான்: "ஏண்ணே, லிப்ட் இருக்கே!"

"கால் இருக்கே தங்கச்சி" என்றார் தச்சர்.